மானிடம் வளர்ந்த ஹை

பிரட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பார்க்காத திருகோணமலைப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஆசிரியை 'ஹை இப்னு யக்ழான்' கதையைச் சொல்லத் தொடங்கியதும் எனக்கு அவைதான் நினைவுக்கு வந்தன.

இதை எழுதிய இப்னு துபைல் 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த மருத்துவர், மெய்யியலாளர். அவர் படைத்த ஹை, இந்தியக் கடலில் ஆளில்லாத தீவொன்றில் பெண்மானின் பாலைக் குடித்து வளர்கிறான்.

அவனுக்கு ஏழு வயதாகும்போது மான் இறந்துவிடுகிறது. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், ஒரு குறையுமில்லை. நெஞ்சைப் பிளந்து இதயத்தைத் தேடியெடுக்கிறான். அதன் ஓர் அறையில் உறைந்த இரத்தம், மற்ற அறை வெறுமை. அங்கே இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. தன்னை வளர்த்தது அதுதான், இந்த உடல் அல்ல என்று அவனுக்கு விளங்குகிறது. காகமொன்று இன்னொரு காகத்தைப் புதைப்பதைப் பார்த்துத் தானும் மானைப் புதைக்கிறான். அல்குர்ஆனில் ஆதமுடைய மகனுக்குக் காகம் கற்பித்த இடம் நமக்கெல்லாம் தெரியும்.

போனது எங்கே என்ற கேள்விதான் அவனை நெருப்பு, செடி, நட்சத்திரம் என்று இழுத்துச் சென்று, 35 வயதளவில் படைத்தவனிடம் சேர்க்கிறது. அதன்பின் பழம் தின்றால் விதையைப் பாதுகாக்கிறான். வாடும் செடிக்கு நீர் ஊற்றுகிறான்.

ஐம்பது வயதில் அப்ஸால் என்பவரைச் சந்திக்கிறான். அவர் மூலம் மார்க்கத்தை அறிந்து தொழுகையையும் நோன்பையும் ஏற்றுக்கொள்கிறான். பிறகு அவருடைய ஊருக்குப் போய், தான் கண்டதை மக்களுக்குச் சொல்கிறான். அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, உங்கள் வழிமுறையிலேயே உறுதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் தீவுக்குத் திரும்பிவிடுகிறான்.

அது பணிவு என்றார் ஆசிரியை. பாதிதான் என்பது என் எண்ணம். அவனுக்கே 50 வருடங்கள் எடுத்தது. அந்த மக்களுக்கு அவன் எவ்வளவு காலம் கொடுத்தான்? இவர்களால் இதற்கு மேல் முடியாது என்று எப்படித் தீர்மானித்தான்?

எனக்கு என் உம்மம்மாவை நினைத்துத்தான் கோபம் வந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஹை பார்த்திருந்தால் அவரையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருப்பான். ஆனால் உள்துறைமுகப் பக்கம் இருக்கும் அவருடைய வீட்டில், ஸுபஹ் தொழுத கையோடு அரிசி கழுவிய தண்ணீர் அடுத்த வீட்டு முருங்கைக்குத்தான் போகும். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கதையை அவருக்கு முழுவதும் சொன்னேன். மான் செத்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அவன் தோணியில ஏறக்குள்ள, வழியனுப்ப ஒருத்தராவது கரைக்கு வந்தாங்களா மகள்?"