வழுக்கும் வெண்தூள்

தமிழ்ப்பள்ளியில் ‘உராய்வு’ என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் ‘கெசேரான்’ என்று மீண்டும் படித்தேன். பல்கலைக்கழகத்தில் அதற்கு மூன்றாவது பெயர். பெயர் எதுவானாலும், அதைக் குறைக்கத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் ஒரு வெள்ளைத் தூளைப் பற்றி இங்கே காண்போம். பாலிடெட்ராஃப்ளோரோஎத்திலீன், சுருக்கமாக பி.டி.எஃப்.இ., என்றால் வாசகர்கள் முகம் சுளிக்கலாம். டெஃப்லான் என்றால் வீட்டு அடுப்படிக்கே தெரியும்!

1938 ஏப்ரல் 6-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன வேதியியலாளர் ராய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, உருளையின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெண்தூள். காலி என்று தூக்கி எறியாமல் எடை பார்த்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

இதன் மூலக்கூறு ஒரு நீண்ட கார்பன் சங்கிலி. அதைச் சுற்றிலும் ஃப்ளோரின் அணுக்கள் உறைபோல் மூடியிருப்பதால் வேறு பொருள் எளிதில் ஒட்டாது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. தனியாகப் பயன்படுத்தினால் விரைவில் தேய்ந்துவிடும். 327 பாகை செல்சியஸில் உருகினாலும் ஓடாது. ஆகவே மற்ற பிளாஸ்டிக்கைப் போல அச்சில் செலுத்தி வார்க்க முடியாது.

எனவே எலக்ட்ரான் கற்றையாலோ காமாக் கதிராலோ அச்சங்கிலியைத் துண்டித்து, சில மைக்ரான் அளவுள்ள நுண்தூளாக அரைக்கிறார்கள். நைலான் பல்சக்கரத்தில் இதை 5 முதல் 20 விழுக்காடு வரை கலந்தால், சக்கரம் சுழலச் சுழலத் தூள் எதிர்ப்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் பிறகு டெஃப்லான் மீது டெஃப்லானே உரசுகிறது. எண்ணெய் தேவையில்லை, வலுவுக்கு நைலான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அச்சு மையில் சிறிதளவு சேர்த்தாலே அட்டைப்பெட்டிகள் ஒன்றோடொன்று உரசும்போது எழுத்து அழியாது. அதிக வெப்பத்தைத் தாங்கும் கிரீஸ்களிலும் இது சேர்கிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காற்றில் வைத்துக் கதிர்வீசும்போது பி.எஃப்.ஓ.ஏ. என்னும் அமிலம் சிறிதளவு உண்டாகிறது. இது இயற்கையில் சிதையாது. உடலிலும் நீண்ட காலம் தங்கும். 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. அதனால் எந்தத் தூள் என்பதோடு, அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதையும் வாங்குவோர் கேட்க வேண்டியிருக்கிறது.

தொழிற்பயிற்சிக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. விரலில் ஒட்டிய தூள் சிகரெட்டில் பட்டு எரிந்தால் நச்சுப்புகை உண்டாகும். சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சிறுக்கம் வரும். சளிக்காய்ச்சல் என்றே பலரும் நினைத்துவிடுவர். தூள் கலக்கும் அறைக்குள் சிகரெட் பெட்டியைச் சட்டைப்பையில்கூடக் கொண்டு போகாதீர்கள்.