ஓலையில் இல்லாத புள்ளி: வருடிகளின் பழுது கண்டறிதலும் பராமரிப்பும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடி, பழைய அங்காடி என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கியது. பிள்ளையார் கோயிலால் புகழ் பெற்றது. அதனை அடுத்த கோட்டைப் பகுதியில் கேரள மாநில ஆவணக் காப்பகத் துறையின் மத்திய காப்பகம் உள்ளது. திருவிதாங்கூர் அரசின் பழைய ஓலை ஆவணங்களும், பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஓலைகளும் இத்துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கு ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றது. இத்தகைய ஓலைகளையும், பழைய தாள்களையும், ஒளிப்படச் சுருள்களையும் படமாக்கிக் கணிப்பொறியில் சேர்த்து வைக்கும் பணி இன்று பல நிலையங்களில் நடைபெற்று வருகிறது. அப்பணிக்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று ஸ்கேனர் எனப்படும் வருடி. அதன் பழுதுகளைக் கண்டறியும் முறையும் அதனைப் பேணும் முறையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

பழுதினால் விளையும் தீங்கு

வருடியின் கண்ணாடியில் ஒட்டிய தூசி படத்தின் அழகைக் கெடுக்கும் என்பது பலரும் அறிந்ததே. ஓலையைப் பொறுத்தமட்டில் தீங்கு அதனினும் பெரிது. பழைய தமிழ் ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆகவே 'பல' என்று எழுதியிருப்பதைப் 'பல' என்றும் படிக்கலாம். 'பல்' என்றும் படிக்கலாம். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். அவ்வெழுத்தின் மேல் தூசியின் நிழல் விழுந்தால், ஓலை எழுதியவர் இடாத புள்ளியை வருடி இட்டுவிடுகிறது. இது ஓர் ஊர்ப் பெயரிலோ நிலத்தின் பெயரிலோ நேருமானால், படத்தை மட்டும் கண்டு படிப்பவருக்கு ஐயம் தோன்ற வழியே இல்லை.

ஐயம் தோன்றினாலும் எளிதில் தீராது. முதிர்ந்த ஓலை எளிதில் ஒடியும். அதனைக் கட்டவிழ்த்து மீண்டும் எடுக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பு சிறிது உதிர்கிறது. எனவே ஓலையை ஒருமுறை வைத்து எடுக்கும் படமே சரியான படமாக அமையவேண்டும். வருடியைப் பேணுவது ஓலையைப் பேணுவதன் ஒரு பகுதியே ஆகும்.

வருடி பணிபுரியும் விதம்

1957-இல் அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிலையத்தில் ரசல் கிர்ஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் சுழலும் உருளையொன்றில் ஒரு குழந்தையின் ஒளிப்படத்தைப் பொருத்தி, அதனை 176 வரிசைகளாகவும், ஒவ்வொரு வரிசையையும் 176 துணுக்குகளாகவும் பகுத்துக் கணிப்பொறியில் ஏற்றினர். அக்குழந்தை கிர்ஷின் மகனே. படத்தைச் சிறு துணுக்குகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஒளியையும் எண்ணாக மாற்றுவதே இன்றளவும் எல்லா வருடிகளின் அடிப்படையாகும்.

தட்டை வருடியில் படம் கண்ணாடியின்மேல் அசையாமல் கிடக்கும். கண்ணாடிக்குக் கீழே விளக்கையும் ஒளியுணர் பட்டையையும் தாங்கிய சட்டம் ஒன்று, மோட்டாராலும் பல்வாராலும் இழுக்கப்பட்டு, மெல்ல நகரும். அங்குலத்திற்கு 600 துணுக்கு என்னும் அளவில் ஒவ்வொரு துணுக்கும் ஏறத்தாழ 0.042 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆகவே 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள தூசி ஏறக்குறைய ஐந்து துணுக்குகளை மறைத்துவிடும்.

ஒளியுணர் பட்டையில் இரு வகை உண்டு. சி.சி.டி. வகையில் கண்ணாடிகளும் வில்லையும் படத்தைச் சுருக்கி உணர்விக்குத் தருகின்றன; கண்ணாடித் தட்டிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்ந்த பகுதியும் இதில் ஓரளவு தெளிவாகவே அமையும். சி.ஐ.எஸ். வகை மெல்லியது, விலை குறைந்தது. ஆனால் தட்டோடு ஒட்டிய பரப்பை மட்டுமே தெளிவாகக் காட்டும். வளைந்த ஓலைக்கு முன்னதே ஏற்றது. ஓலை மங்கித் தோன்றுவதைப் பழுதெனக் கருதி மூடியை அழுத்துவோர் உண்டு. அழுத்தினால் ஓலை முறியும். மங்கலுக்குக் காரணம் கருவியின் வகையே. மிகவும் வளைந்த அல்லது சிதைந்த ஓலைகளை வருடியில் வையாது, மேலிருந்து காமிராவால் படமெடுப்பதே தக்கது.

பழுது எங்கே உள்ளது?

படத்தில் குறை கண்டவுடன் ஓலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தல் தவறு. ஓலையை எடுத்துவிட்டு, தூய வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து மீண்டும் படமெடுக்க வேண்டும். அப்போது மூன்றில் ஒன்று நிகழும்.

முதலாவது, குறை மறைந்துவிடலாம். அப்படியாயின் அது ஓலையைச் சார்ந்தது; ஓலையின்மேல் கிடந்த துகளாகவோ, பூச்சி அரித்த துளையாகவோ, எழுதியவரே இட்ட குறியாகவோ இருக்கலாம்.

இரண்டாவது, அதே இடத்தில் அதே புள்ளி தோன்றலாம். அது கண்ணாடித் தட்டின் மேற்புறத்திலோ உட்புறத்திலோ ஒட்டிய மாசு. மேற்புறத்தைத் துடைத்தும் நீங்காவிடில் மாசு உட்புறத்தில் உள்ளது எனத் துணியலாம்.

மூன்றாவது, புள்ளிக்கு மாறாக, சட்டம் நகரும் திசையில் படம் முழுவதும் ஒரு கோடு ஓடலாம். இதன் காரணம் நுட்பமானது. வேலையைத் தொடங்குமுன் வருடி, தட்டின் ஓரத்தில் உள்ள வெண்பட்டை ஒன்றைப் பார்த்துத் தன் உணர்விகளைச் சமன் செய்துகொள்கிறது. அப்பட்டையில் தூசி இருந்தால், அதற்கு நேரான உணர்வி தனக்குக் கிடைத்த ஒளி குறைவு எனக் கொண்டு, பின்னர் ஒவ்வொரு வரிசையிலும் ஒளியை மிகுத்துக் காட்டும். அதனால் வெளிறிய கோடு உண்டாகிறது. மையிடாத ஓலையில் எழுத்தும் வெளிறியே தோன்றும் ஆகையால், இக்கோடு எழுத்தாணிக் கீறலோடு மயங்கும். சமன் செய்த பின்னர் ஒளி செல்லும் வழியில் தூசி விழுந்தாலோ கரிய கோடு உண்டாகும். ஓலையைக் குறுக்கே வைத்து எடுத்தால், அக்கோடு கால் எழுத்தைப் போல நின்று படிப்பவரை மயக்கும்.

இவையன்றி வேறு சில குறிகளும் உள. எழுத்துகள் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் சுருங்கியும் பல்பல்லாகத் தோன்றினால், சட்டத்தின் தண்டவாளத்தில் அழுக்குச் சேர்ந்ததோ வார் தளர்ந்ததோ காரணம். படத்தின் தொடக்கமும் முடிவும் நிறத்தில் வேறுபட்டால், பழைய ஒளிர்குழல் விளக்கு போதிய அளவு சூடேறவில்லை என்பது பொருள். சில நிமிடம் பொறுத்தல் வேண்டும். எல்.இ.டி. விளக்குக்கு இக்காத்திருப்புத் தேவையில்லை. புதிதாக இடம் மாற்றிய கருவி உறுமி நின்றால், பயணப் பூட்டைத் திறந்தாயிற்றா என்பதை முதலில் பார்க்கவேண்டும். கணிப்பொறி கருவியை அறியாவிடில், கம்பியையும் இயக்க மென்பொருளையும் சோதிக்கவேண்டும்.

துடைக்கும் முறை

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே துடைத்தல் வேண்டும். முதலில் மெல்லிய தூரிகையால் அல்லது காற்றூதும் ரப்பர்க் குமிழால் மணற்றுகள்களை நீக்கவேண்டும். இன்றேல் துணியோடு சேர்ந்து அவை கண்ணாடியைக் கீறும். பின்னர் நுண்ணிழைத் துணியில் சிறிதளவு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கவேண்டும். திரவத்தைக் கண்ணாடிமேல் நேரே தெளித்தலாகாது; விளிம்பின் வழியே உட்சென்று தங்கிவிடும். திரவம் முற்றிலும் உலர்ந்த பின்னரே ஓலையை வைக்கவேண்டும். உட்புறத்தைத் துடைக்கத் தட்டைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரே செய்யவேண்டும். ஒளிர்குழலில் பாதரசம் உண்டாதலால் அது உடையாதபடி காத்தல் அவசியம்.

உருளை வருடி

உருளை வருடியில் ஒளிபுகும் அக்ரிலிக் உருளையின்மேல் படச்சுருளைப் பொருத்தி, உருளையை விரைவாகச் சுழற்றுவர். ஒளிப்பெருக்கிக் குழாய்கள் ஒளியை அளக்கின்றன. மிக மங்கிய ஒளியையும் இவை உணருமாதலால், படச்சுருளின் கரிய பகுதியிலுள்ள நுட்பங்களும் வெளிப்படும். ஓலையை இதில் வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது, வளைத்தவுடன் ஒடியும்.

படச்சுருளுக்கும் உருளைக்கும் இடையே பொருத்துதிரவம் இடுவது வழக்கம். அதில் காற்றுக்குமிழ் நின்றால் வட்ட வடுவாகப் பதியும். திரவமின்றிப் பொருத்தினால், இரு பரப்புகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றடுக்கினால் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வண்ண வளையங்கள் தோன்றலாம். ஒவ்வொரு வரிசையும் சற்றே விலகி நின்றால், சுழற்றும் வார் நழுவுகிறது எனலாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ஆல்கஹாலும் அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகளை உண்டாக்கக்கூடும்; அக்ரிலிக்குக்கு உரிய துடைப்பானையே பயன்படுத்தவேண்டும். வெடிப்புக் கண்ட உருளையைச் சுழற்றுதல் பேராபத்து. ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தேவைப்படுவதால், மூடியைத் திறந்து உள்ளே கைவைத்தலும் ஆபத்தே.

மழைக்காலக் கவனம்

திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரங்களில் இரு பருவ மழையும் காற்றில் ஈரத்தை மிகுவிக்கின்றன. ஈரம் மிகுந்தால் வில்லைகளிலும் உட்கண்ணாடியிலும் பூஞ்சை படரும்; அது தூசியைப் போலத் துடைத்தவுடன் நீங்குவதன்று. கருவியை உறையிட்டு மூடுதல், அருகில் சிலிகா ஜெல் வைத்து அதனை அவ்வப்போது உலர்த்துதல், பயன்படாத வாரங்களிலும் சிறிது நேரம் இயக்குதல் ஆகியவை எளிய காப்புகள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கருவியின் குளிர்ந்த பகுதிகளில் நீர்த்திவலை படியுமாதலால், அதனை உடனே இயக்கலாகாது. குளிர்ந்த கருவி அறையின் வெப்பநிலையை அடைந்து, ஈரம் உலர்ந்த பின்னரே இயக்கவேண்டும்.

மென்பொருளின் துடைப்பு

தூசியை மென்பொருளே நீக்கிவிடும் என்று நம்பிப் பராமரிப்பைக் கைவிடுதல் தகாது. சிறு புள்ளிகளை எல்லாம் மாசு எனக் கொண்டு அழிக்கும் மென்பொருள், ஓலை எழுதியவர் உண்மையாகவே இட்ட புள்ளியையும் அழித்துவிடும். அகச்சிவப்புக் கதிரால் தூசியை அறியும் முறை வண்ணச் சுருளுக்குப் பயன்படினும், வெள்ளிப் படிவத்தால் ஆன கறுப்பு-வெள்ளைச் சுருளுக்குப் பொருந்தாது. வெள்ளி அக்கதிரையும் தடுப்பதே காரணம். ஆகையால் திருத்தாத முதற்படத்தைத் தனியே காத்து, திருத்தங்களை அதன் பிரதியிலேயே செய்யவேண்டும்.

நாள்தோறும் செய்யவேண்டுவது

ஒவ்வொரு நாளும் முதல் ஓலையை வைக்குமுன் வெள்ளைத்தாள் ஒன்றையும், அளவுகோலோடு கூடிய சாம்பல்நிறப் படிக்கட்டு அட்டை ஒன்றையும் படமெடுத்து, தேதியிட்டுச் சேமிக்கவேண்டும். முந்தைய நாளின் படத்தோடு ஒப்பிட்டால் புதிய புள்ளியோ, கோடோ, நிறமாற்றமோ உடனே தெரியும். அளவுகோலின் கோடுகள் சட்டத்தின் ஓட்டத்தைச் சோதிக்கும். அட்டையின் படிகள் விளக்கைச் சோதிக்கும். கண்ட குறையையும் செய்த சீரமைப்பையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் படத்தில் ஒரு புள்ளியை ஐயுற்றால், அன்றைய வெள்ளைத்தாளின் படமே அதற்குச் சான்று கூறும். ஓலையை மீண்டும் கட்டவிழ்க்க வேண்டியிராது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். ஒரு தாளில் 'பல' என்று எழுதி, வருடியின் கண்ணாடியில் இறுதி எழுத்துக்கு நேர்மேலாகப் படும்படி கரிய தாளின் சிறு துணுக்கு ஒன்றை வைத்துப் படமெடுக்கச் செய்க. தாளைக் காட்டாமல் படத்தை மட்டும் மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்க. அவர்கள் 'பல்' என்றே படிப்பர். பின்னர்த் தாளை எடுத்துவிட்டு வெற்றுத்தாளை வைத்து மற்றொரு படம் எடுத்துக் காட்டுக. புள்ளி எழுத்துக்கு உரியதன்று, கண்ணாடிக்கு உரியது என்பதை மாணவர் தாமே கண்டறிவர்.