வீடு மாறினால் அடுப்புக் கணக்கும் மாறும்



சென்னையில் வாடகை கட்டுபடியாகாமல் கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், கேளம்பாக்கம் பக்கம் குடிவந்த குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் நிறைய. அப்படி வந்த ஒரு சகோதரி, மாதாந்திர உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்கு வேலை இருக்கிறது. வாடகையும் முன்பைவிடக் குறைவு. ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்றார்.

"கேஸ்கூட வாங்குறதில்லை பாய். கரண்ட் அடுப்புலதான் சமைக்கிறேன். அதுதானே மலிவு?"

மின்சாரத்துக்கு யாரிடம் பணம் கட்டுகிறீர்கள் என்று கேட்டோம். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இவர்களுடைய கேஸ் இணைப்போ சென்னையில் நாத்தனார் வீட்டிலேயே இருக்கிறது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டோம். அவர் மலிவு என்று நம்பியதுதான் அவர் வீட்டில் விலை கூடியதாக இருந்தது. அந்தக் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் பாடம்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே பெரும் பணம் போகிறது. நம் கடற்கரைப் பகுதிக்கு அது தேவையில்லை. நமக்கு எரிபொருள் செலவு என்பது சமையலும் வெந்நீரும்தான்.

முதல் படி: ஒரே அளவுகோல்

கேஸைக் கிலோவில் வாங்குகிறோம், மின்சாரத்தை யூனிட்டில், விறகை எடையில். அளவு வேறு வேறாக இருக்கும்போது விலையை மட்டும் ஒப்பிட முடியாது. பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூட்டைத்தான் ஒப்பிட வேண்டும்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஒரு கிலோ கேஸ் தரும் சூடு ஏறத்தாழ 11,000 கிலோ கலோரி. அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றிக் காற்றோடு போய்விடுகிறது. மின்சாரத்தில் ஒரு யூனிட் தருவது 860 கிலோ கலோரிதான். ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பில் அதில் பெரும்பகுதி பாத்திரத்துக்கே போகிறது. இந்த இழப்புகளைக் கழித்துப் பார்த்தால் கிடைக்கும் விடை இது:

ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறத்தாழ 140 யூனிட் வேண்டும்.

இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். சிலிண்டர் விலையை 140ஆல் வகுங்கள். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபின் சென்னையில் சிலிண்டர் விலை 868.50 ரூபாய் ஆனது. இங்கே அந்த விலையை வைத்துக் கணக்கிடுகிறோம். நீங்கள் உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வகுத்தால் 6 ரூபாய் 20 காசு வரும். உங்களுக்கு யூனிட் அதற்குக் குறைவாகக் கிடைத்தால் கரண்ட் அடுப்பு லாபம். கூடுதலாக இருந்தால் கேஸ்தான் லாபம்.

அந்தச் சகோதரிக்கு 140 யூனிட்டுக்கு ஆனது 1,260 ரூபாய். கேஸில் 868.50 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய சமையல் அது.

இரண்டாம் படி: மேலே ஏறும் யூனிட்டின் விலை

சொந்த இ.பி. இணைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் இரண்டு ரூபாய் சொச்சம். 400 வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 500 வரை ஆறு ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு 101 முதல் 200 வரை இருந்த சலுகையும் போய்விடும்.

இரண்டு வீடுகளைப் பாருங்கள். இரண்டிலும் இரண்டு மாதத்துக்கு ஒன்றரைச் சிலிண்டர், அதாவது ஏறத்தாழ 1,300 ரூபாய் ஆகிறது. சமையல் முழுவதையும் கரண்டுக்கு மாற்றினால் இரு வீட்டிலும் 210 யூனிட் கூடும்.

முதல் வீட்டில் இப்போது ஓடுவது 220 யூனிட். அது 430 ஆகும். பில் கூடுவது ஏறத்தாழ 1,050 ரூபாய். மிச்சம் 250 ரூபாய்.

இரண்டாம் வீட்டில் ஏ.சி. இருக்கிறது, இப்போது ஓடுவது 380 யூனிட். அது 590 ஆகும். பில் 1,700 ரூபாய்க்கு மேல் கூடும். 400 ரூபாய் நஷ்டம்.

அதே அடுப்பு, அதே சமையல். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாற்றிவிடாமல், உங்கள் பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: விறகும் சின்னச் சிலிண்டரும்

திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் சவுக்கு விறகு எளிதில் கிடைக்கிறது. ஆனால் சாதாரண மண் அடுப்பில் விறகின் சூட்டில் எட்டில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. ஒரு சிலிண்டர் வேலைக்கு ஏறத்தாழ 240 கிலோ விறகு வேண்டும். கிலோ மூன்றரை ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விறகைவிடக் கேஸ் மலிவு. பொறுக்கி வரும் விறகுக்குக் காசில்லை. ஆனால் பெண்களின் நேரமும், புகை புகும் நெஞ்சும் அந்தக் கணக்கில் சேரும்.

5 கிலோ சின்னச் சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கலாம். முகவரிச் சான்று கேட்பதில்லை. அவசரத்துக்கு நல்லது. ஆனால் அது சந்தை விலை. வீட்டுச் சிலிண்டரில் கிலோ ஏறத்தாழ 61 ரூபாய். சின்னச் சிலிண்டரின் விலையை 5ஆல் வகுத்து அதனுடன் ஒப்பிடுங்கள். பெரிய சிலிண்டரிலிருந்து திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் கடைகளுக்கு மட்டும் போகாதீர்கள். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

நான்காம் படி: குழாய் கேஸ்

பழைய காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் குழாய்வழி எரிவாயு தரும் உரிமம் ஒரு தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானாலும் அந்த எல்லைக்குள் வருவதுதான். உங்கள் தெருவுக்குக் குழாய் வந்திருந்தால் இப்படிக் கணக்கிடுங்கள்: ஒரு சிலிண்டருக்கு ஈடு ஏறத்தாழ 18 கன மீட்டர். சிலிண்டர் விலையை 18ஆல் வகுத்தால் 48 ரூபாய். கன மீட்டர் அதற்குக் குறைவாக இருந்தால் லாபம். டெபாசிட், மாதக் கட்டணம் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெந்நீரை மறக்காதீர்கள்

ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.4 யூனிட் ஆகும். நான்கு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாதத்தில் 90 யூனிட்டுக்கு மேல். 100 யூனிட் இலவசம் என்றாலும் அது இதிலேயே கரைந்துவிடும். மார்கழி, தை போக மற்ற மாதங்களில் நம் ஊர் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே மதியத்தில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

குடிமாறும்போது செய்ய வேண்டியவை

1. ஊர் மாறினால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைப் பெற்று, மாறுதல் சீட்டு வாங்குங்கள். அடுப்பு உங்களுடையது. இணைப்பை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். புதிதாக இணைப்பு எடுத்தால் 2022 முதல் சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் டெபாசிட்.

2. புதிய ஊரில் வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகக் காட்டலாம். எனவே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

3. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: தனி இ.பி. மீட்டரா, சப் மீட்டரா? யூனிட் எவ்வளவு?

4. இண்டக்‌ஷன் அடுப்பைச் சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் போடாதீர்கள். 15 ஆம்ப் பிளக் வேண்டும்.

5. சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலிச் சிலிண்டரின் எடை அதிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்தால் மொத்த எடை. கேஸ் கசிந்தால் 1906 எண்ணை அழையுங்கள்.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை

நம்மிலும் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இ.பி.க்கு நீங்கள் கட்டும் சராசரி யூனிட்டுக்கு ஐந்து ரூபாயாக இருக்க, குடியிருப்பவரிடம் ஒன்பது வாங்குவது நியாயமா? அளவையில் குறை செய்வோரைக் கண்டித்து இறங்கிய ஓர் அத்தியாயமே, அல்முதஃப்பிஃபீன், நம் குர்ஆனில் இருக்கிறது. வாடகை கூட வேண்டுமானால் வாடகையாகக் கேளுங்கள். மின்சாரத்தை மின்சாரத்தின் விலைக்கே கொடுங்கள். முடிந்தால் அந்தப் பகுதிக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது இணைப்பை இங்கே மாற்றிக்கொண்டார். மாதாந்திர உதவி பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. உதவி தேவைப்படுவோர் தயங்காமல் வாருங்கள். வரும்போது இ.பி. பில்லையும் கேஸ் பில்லையும் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.