கிடங்குச் சுவர் விரிசலும் அக்ரிலிக் சீலன்டும்



2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த 'தானே' புயலையும், 2015 நவம்பர் பெருமழையையும் கண்டவர்கள் நாம். வெள்ளத்தை நம்மால் தடுக்க முடியாது, கசிவைத் தடுக்கலாம். ஜன்னல் சட்டத்தை ஒட்டிய மெல்லிய விரிசல் வழியே இறங்கும் ஈரமே, சுவரோர பருப்பு மூட்டையில் பூஞ்சை பிடிக்கப் போதுமானது.

அவ்விரிசலைச் சிமெண்டால் அடைத்தால் அடுத்த கோடையிலேயே மீண்டும் திறந்து கொள்கிறது. வெயிலில் சட்டமும் சுவரும் வெவ்வேறு அளவில் விரிகின்றன; சிமெண்டு வளைந்து கொடுப்பதில்லை. அக்ரிலிக் சீலன்ட் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

அக்ரிலிக் என்றதும் கடைப் பெயர்ப்பலகையின் தகடு நினைவுக்கு வரும். அது மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மூலப்பொருளால் ஆனது. சுமார் 105 டிகிரி செல்சியஸ் வரை கெட்டியாகவே இருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த பியூட்டைல் அக்ரிலேட்டை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் போல் இழுபடும் பாலிமர் கிடைக்கிறது. சீலன்டில் இருப்பது இவ்வகையே. அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நிற டேப்பிலும் பெரும்பாலும் அக்ரிலிக் பசைதான். தூசி படிந்த பெட்டியில் டேப் ஒட்டாதது போலவே, தூசி படிந்த விரிசலில் சீலன்டும் பிடிக்காது.

ஆகவே முதலில் பழைய பூச்சைச் சுரண்டி, பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். சுவர் காய்ந்திருக்க வேண்டும். இது தண்ணீர் கலந்த பொருள். நீர் ஆவியாகும்போது சுருங்கும். எனவே சற்றுக் கூடுதலாக நிரப்புங்கள். வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மேற்புறம் விரைவில் காய்ந்தாலும் உட்புறம் காயப் பல நாட்கள் ஆகலாம். அதற்குள் மழை பட்டால் கரைந்து வழியும். புரட்டாசி வெயிலிலேயே வேலையை முடிப்பது நல்லது. நன்கு காய்ந்தபின் மேலே பெயிண்ட் அடிக்கலாம். சாதாரண சிலிக்கான் சீலன்டில் பெயிண்ட் ஒட்டாது.

தண்ணீர்த் தொட்டிக்கும், நீர் தேங்கும் தளத்துக்கும் இது ஆகாது. விரிசல் மாதந்தோறும் அகலமானால் அது சீலன்ட் வேலையல்ல. பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

இதை விற்பனை செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "எந்த இடத்துக்கு?" என்று கேட்டபின் டியூப்பை எடுத்துக் கொடுங்கள். வாங்கியவர் வீட்டில் ஒழுகினால் குறை நம் கடைக்குத்தான் வரும்.