வானில் மருந்தும் படகில் அரிசியும்

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் அக்கரையில் வாழும் காணிக்கார மக்கள் படகேறி இக்கரை வந்து சாமான் வாங்கிச் செல்வதை அங்கத்தினர் பலர் அறிவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படகுப் பயணமே ஆபத்தாகிவிடும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வீசியபோது மரங்கள் வீழ்ந்து சாலைகளும் அடைபட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே, "நம் சங்கம் ஒரு ட்ரோன் வாங்கினாலென்ன?" என்று அண்மையில் ஒரு பொதுப்பேரவையில் வினா எழுந்தது. நல்ல வினாவே, ஆயினும் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியது.

இது கனவன்று. 2021 அக்டோபர் 4-இல், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்தக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு ஆளில்லா விமானம் கொரோனாத் தடுப்பூசி கொண்டு சென்றது. தரைவழி 26 கிலோமீட்டர், வான்வழி 15. எடுத்துக்கொண்ட நேரம் 15 நிமிடத்திற்குள். ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் 2016 முதலே மருத்துவமனைகளுக்கு இரத்தம் இவ்வாறு செல்கிறது. இரண்டிடத்தும் சுமை இலேசானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் கணக்கு. வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் சுமப்பது 10 லிட்டர், அதாவது சுமார் 10 கிலோ. மாதம் 20 கிலோ அரிசி பெறும் குடும்பத்துக்கு அது இருமுறை பறக்க வேண்டும். 50 குடும்பங்களுக்கு 100 முறை! ஒவ்வொரு முறையும் மின்கலம் மாற்ற வேண்டும். அதே அரிசியைப் படகு சில நடைகளில் சேர்த்துவிடும். எனவே மழைக்கு முன்பே அக்கரையில் அரிசியை இருப்பு வைப்பதே நியாயவிலைக் கடை நடத்தும் சங்கத்தின் வேலை.

மருந்தோ வேறு. இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, தடுப்பூசி எல்லாம் ஓரிரு கிலோவில் அடங்கும். பாம்புக்கடி மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மருத்துவர் இல்லாத இடத்தில் அதைச் செலுத்தலாகாது. கடிபட்டவரை இக்கரை சேர்க்கப் படகுதான் வேண்டும்.

2022-இல் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் வாடகை மையங்களுக்கென மத்திய அரசு வகுத்த மானியம் 40 சதவீதம், உச்சவரம்பு 4 லட்சம் ரூபாய். அது பயிர்த் தெளிப்புக்குரியது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி இத்தகைய விமானத்தை இயக்கச் சான்று பெற்றவர் தேவை. கண்ணுக்கெட்டாத தூரம் அனுப்பத் தனி அனுமதியும் வேண்டும். வாங்கியபின் ஓட்ட ஆளின்றித் துருப்பிடித்த இயந்திரங்களைத் தணிக்கையில் நான் கண்டதுண்டு. ஆதலால் வாங்கும் தீர்மானத்தை ஒத்திவைத்து, அக்கரையில் நாள்தோறும் மருந்து உண்போர் எத்தனை பேர், மழைக்காலத்தில் படகு நிற்கும் நாட்கள் எத்தனை என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் சேர்ந்து ஒரு பருவம் முழுதும் பதிவேட்டில் எழுதி வருக.