சாதாரணத் தொண்டைவலியா, டிப்தீரியாவா?



இம்முறை டிப்தீரியாவைப் பற்றி எழுதுகிறேன். தமிழில் இதைத் தொண்டை அடைப்பான் என்பார்கள். “அதெல்லாம் பாட்டி காலத்து நோய், டிரசர் ஐயா” என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நம் பக்கத்து மாநிலமான மலாக்காவில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இந்த நோயால் இறந்தது. அதே ஆண்டில் கெடாவிலும் நோய் கண்டது. தம்பின் பக்கம் இருப்பவர்களுக்கு மலாக்கா எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது கிருமியால் வரும் நோய். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளி வழியாகப் பரவுகிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள், ஆயாக் கொட்டகை, பள்ளி வேன், இவையெல்லாம் கிருமிக்கு வசதியான இடங்கள். உடம்பில் ஒரு கோளாறும் தெரியாத ஆள்கூடத் தொண்டையில் கிருமியை வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுத்துவிடலாம். நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் இது தோலில் ஆறாத புண்ணாகவும் வரும். அந்தப் புண்ணிலிருந்தும் மற்றவருக்குத் தொற்றும்.

கிருமி புகுந்து இரண்டு முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் நோய் தெரியும். தொண்டை வலிக்கும், பிள்ளை சோர்ந்து படுக்கும், சாப்பாடு இறங்காது. காய்ச்சல் மட்டும் கடுமையாக இருக்காது. இதுதான் நம்மை ஏமாற்றுகிற இடம். உடம்பு அனலாகக் கொதித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இலேசாகச் சுட்டால், “பனடோல் கொடுத்திருக்கேன், ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்” என்கிறோம்.

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உள்நாக்கின் இரு பக்கமும் சாம்பல் நிறத்திலோ அழுக்கு வெள்ளையாகவோ தோல் மாதிரி படர்ந்திருந்தால், அதைச் சாதாரணத் தொண்டைவலி என்று விட்டுவிடக் கூடாது. விரலில் உப்பைத் தொட்டு ‘உள்நாக்கு தூக்குகிற’ பழக்கம் நம்மிடம் உண்டு. தயவு செய்து இதில் அதைச் செய்யாதீர்கள். அந்தத் தோல் சதையோடு ஒட்டிப் பிடித்திருக்கும்; சுரண்டினால் இரத்தம் வரும். அது மேலும் படர்ந்து மூச்சுக்குழாயை அடைத்தால், மூச்சு விடும்போது சத்தம் கேட்கும்.

சில பிள்ளைகளுக்குக் கழுத்து இரண்டு பக்கமும் காளைமாட்டுக் கழுத்துபோல் வீங்கிவிடும். பார்த்தவுடன் “பொன்னுக்கு வீங்கி” என்று முடிவு கட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருப்பார்கள். சங்கிலி போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஏன் இத்தனை அவசரம்? கிருமி தொண்டையில்தான் இருக்கிறது. ஆனால் அது உண்டாக்கும் விஷம் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. இதயத்தைத் தாக்கும், நரம்பைத் தாக்கும். தொண்டை ஆறிவருகிற வேளையில்கூட இதயம் நின்றுபோகலாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும், பேச்சு மூக்கால் பேசுவதுபோல் ஆகும். இதெல்லாம் நரம்பில் விஷம் ஏறிய அடையாளம்.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து இருக்கிறது. 1890-இல் ஜெர்மனியில் பெரிங் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டிய வழி அது. அதற்காக 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அது முறிக்கும். சதையில் போய்ப் பிடித்துக்கொண்ட விஷத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒரு நாள் தாமதம் என்றால், ஒரு நாள் விஷம் முறிவுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சிகிச்சை கொடுத்தும் பத்துப் பேரில் ஒருவர் வரை இறக்கிறார்கள்.

இந்த மருந்து தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடையாது. நான் செய்யக்கூடியது, பார்த்து, சந்தேகப்பட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான். கிராணியாரிடம் சொல்லி வண்டி கேளுங்கள், இரவானாலும் சரி. சிரம்பான், போர்ட்டிக்சன், கோலப்பிலா, தம்பின், எது பக்கமோ அங்கே போகலாம். அங்கே பிள்ளையைத் தனி அறையில் வைத்து, முறிவு மருந்தோடு பெனிசிலின் அல்லது எரித்ரோமைசின் பதினான்கு நாள் கொடுப்பார்கள். சுகாதார இலாகாவினர் உங்கள் வீட்டுக்கு வந்து எல்லாருடைய தொண்டையிலும் பஞ்சு தடவி எடுப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள். இது தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். அவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள். “எங்க வீட்டை மட்டும் ஏன்?” என்று கோபித்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டாம்.

தடுப்பூசிக்கு வருவோம். குழந்தைக்கு 2, 3, 5 மாதத்திலும், பிறகு 18 மாதத்திலும் போடுகிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுப் பிரஜைகளின் பிள்ளைகளுக்குக் காசு இல்லை. முதல் மூன்று ஊசியைத் தாய்மார்கள் தவறவிடுவதில்லை. பதினெட்டாம் மாத ஊசிதான் மறந்துபோகிறது, அதிலும் தோட்டம் மாறிப் போகிற குடும்பங்களில். விட்டுப்போயிருந்தால் கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

ஊசியின் பலம் வருஷம் போகப் போகக் குறையும். அதனால்தான் ஏழு வயதில், ஒன்றாம் வகுப்பில், பள்ளிக்கூடத்திலேயே மறுபடியும் ஓர் ஊசி போடுகிறார்கள். அதற்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு தாள் வரும். அந்தத் தாள் பல நாள் பிள்ளையின் பையிலேயே கசங்கிக் கிடக்கிறது. இன்று இரவு பையைத் திறந்து பாருங்கள்.