‘வவ்’ என்னும் சொல்லும் நாம் ஏற்ற சீலமும்



பஞ்சசீலம் ஏற்ற சகோதரர் ஒருவர், சம்பள நாளன்று பழைய நண்பர்களோடு கூடி மதுவருந்திவிட்டார். அதன்பின் மூன்று மாதம் அவர் விகாரைப் பக்கம் வரவேயில்லை. காரணம் வினவியபோது, “சத்தியம் தவறியவன் எந்த முகத்தோடு வருவேன், ஐயா? எனக்கு இனி விமோசனம் ஏது?” என்றார். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தால் அது விளங்கும்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், சந்திரமணி மகாதேரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பின்னர்த் தம்மைப் பின்பற்றிய இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். ஆங்கில நூல்கள் இவற்றை ‘வவ்’ என்னும் சொல்லால் குறிக்கின்றன.

‘வவ்’ என்பது இலத்தீன் மொழியின் ‘வோட்டும்’ என்னும் சொல்லினின்று பிறந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. “இவ்வரம் அருளினால் இன்னது படைப்பேன்” என்று பண்டை உரோமர் தெய்வத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தமே வோட்டும். வேண்டியது கிட்டியதும் பலிபீடம் நிறுவி, நேர்ந்ததை மனமுவந்து செலுத்தியதாகக் கல்லில் பொறித்தனர். அத்தகைய பீடங்கள் உரோமர் ஆண்ட பிரிட்டனிலும் பல கிடைத்துள்ளன. நம் தாய்மார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதும் இவ்வகையினதே. அதனை நேர்த்திக்கடன் என்கிறோம். கடன் என்னும் சொல்லை உற்று நோக்குக. கடன் உண்டாயின் கொடுத்தவன் ஒருவன் உண்டு. தவறினால் தண்டனையும் உண்டு.

நிற்க. சீலம் ஏற்கையில் நாம் கூறும் பாலிச் சொற்களைக் காண்போம். ‘வேரமணி’ என்பது விலகி நிற்றல். ‘சிக்காபதம்’ என்பது பயிற்சிக்குரிய நெறி. ‘சமாதியாமி’ என்பது ‘நான் மேற்கொள்கிறேன்’ எனப் பொருள்படும். ஈண்டு வரம் கேட்பாரும் இல்லை; வரம் தருவாரும் இல்லை. பயில்பவன் ஒருவனே உளன்.

‘வோட்டு’ என நாம் வழங்கும் தேர்தற் சொல்லும் அதே வோட்டும் என்பதன் வழிவந்ததே. அதற்கு விருப்பம் என்னும் பொருளும் உண்டு. 1928இல் சைமன் குழுவின்முன், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டுமெனக் கோரியவர் பாபாசாகேப். நம் வாக்கைப் பிறர் இடலாகாது. நம் சீலத்தையும் நமக்காகப் பிறர் மேற்கொள்ளவியலாது.

அங்ஙனமாயின் தவறுவதால் கேடில்லையோ எனின், உண்டு. குடியின் கேட்டைக் குடித்தவனும் அவன் மனைவி மக்களும் அன்றே அனுபவிக்கின்றனர். ஆயினும் தண்டிக்கத் தெய்வம் எதுவும் காத்திருக்கவில்லை. யான் ஆலையில் தறியோட்டிய நாட்களில் இழை அறாத நாளில்லை. அறுந்ததென்று தறியை விட்டு ஓடியவர் எவருமில்லை; நிறுத்தி, முடிச்சிட்டு, மீண்டும் ஓட்டுவோம். அறுந்ததைக் கவனியாது ஓடவிட்டாலோ துணி பழுதாகும். சீலமும் அத்தகையதே. அதனாலன்றோ அதனை ஒருமுறை கூறி நிறுத்தாது, கூடுந்தோறும் கூறுகின்றோம்!

இவற்றை அச்சகோதரரிடம் எடுத்துரைத்தேன். அடுத்த பௌர்ணமியன்று அவர் வந்தமர்ந்து, ஐந்தாம் சீலத்தை நம்மோடு மீண்டும் மேற்கொண்டார். அவரைப்போல் வெட்கி விலகி நிற்போர் உங்கள் தெருவில் இருப்பின், கடிந்துரையாது அழைத்து வருக.

நமோ புத்தாய!